மாலை நேரத்து டியூடர் ஆய்வாளருக்கு

டியூடர் காலத்தில் மனம் போனவர்களில் பெரும்பாலோர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஹிலரி மேன்டலின் ‘வுல்ஃப் ஹால்’ 2009இல் புக்கர் பரிசு பெற்ற பிறகு ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் வழியாக வந்தவர்களும் உண்டு. முதலில் நாவல், பிறகு தொலைக்காட்சித் தொடர், லண்டன் கோபுரத்தில் ஒரு பகல், அப்புறம் தலையணை கனத்தில் வாழ்க்கை வரலாறுகள். அதற்கும் மேலே போக ஆசை வந்தவர், இதையே முறையாக ஆராய்ந்து ஒரு பட்டம் வாங்கினால் என்ன என்று கேட்கத் தொடங்குவார். வேலையை விட முடியாது, வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். ஆகவே பகுதிநேரம்.

பிரிட்டனில் இதற்கு வழிகள் பல. பல்கலைக்கழகத்தின் பெயர், கட்டணம், எத்தனை ஆண்டு என்ற மூன்றை வைத்து ஒப்பிட்டு முடிவெடுப்பதே பலர் வழக்கம். இந்தத் துறைக்கு அது போதாது. உங்களுடைய ஓய்வுநேரம் எந்த வடிவில் கிடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தினமும் இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு மணி நேரமா? வாரத்தில் ஒரு முழு வேலைநாளா? ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் மூன்று வாரமா? கூட்டிப் பார்த்தால் மணிக்கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வரலாம். ஆனால் ஒன்றில் செய்ய முடிகிற ஆய்வு மற்றதில் முடியாது, ஏனென்றால் ஆவணக் காப்பகங்கள் இரவில் திறந்திருப்பதில்லை. தலைப்பு, மூலச்சான்று, பல்கலைக்கழகம், பட்டம் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கவேண்டும்.

பட்டங்களின் பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பாடவழி எம்.ஏ. என்றால் வகுப்புகள், கட்டுரைகள், கடைசியில் 15,000 முதல் 20,000 சொற்களில் ஓர் ஆய்வேடு. பகுதிநேரத்தில் வழக்கமாக இரண்டு ஆண்டு. ஆய்வுவழி முதுகலையை ‘எம்.ஏ. பை ரிசர்ச்’ என்றும் ‘எம்.ரெஸ்.’ என்றும் ஸ்காட்லாந்தில் ‘எம்.எஸ்சி. பை ரிசர்ச்’ என்றும் இடத்துக்கு இடம் ஒவ்வொரு பெயரில் அழைப்பார்கள். அதில் வகுப்பு மிகக் குறைவு. ஒரு நெறியாளர், ஒரு தலைப்பு, 25,000 முதல் 40,000 சொற்கள் வரை ஓர் ஆய்வேடு, பகுதிநேரத்தில் அதுவும் இரண்டு ஆண்டுதான். பிஎச்.டி. என்றால் 80,000 முதல் 1,00,000 சொற்கள், பகுதிநேரத்தில் ஐந்து முதல் எட்டு ஆண்டு. ஆக்ஸ்போர்டில் இதற்குப் பெயர் டி.ஃபில். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் எம்.ஃபில். இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி.க்கு வருபவரை முதலில் எம்.ஃபில். மாணவராகப் பதிவுசெய்து, பிறகு ஒரு மதிப்பீடு நடத்தி மேலேற்றுகின்றன. ஆகவே அது பலருக்கு விரும்பிப் போன ஊராக இல்லாமல், பஸ் பழுதாகி இறங்கிய ஊராக ஆகிவிடுகிறது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் எம்.ஃபில். என்ற அதே பெயர் வகுப்புகளும் ஆய்வேடும் கலந்த முதுகலைப் படிப்பைக் குறிக்கும். விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

வேலையோடு படிக்கும் பெரும்பாலானவருக்கு நான் சொல்வது ஆய்வுவழி முதுகலைதான். இரண்டு ஆண்டு என்பது குடும்பத்தாரிடம் கேட்டுப் பெறக்கூடிய காலம். ஏழு ஆண்டு அப்படியல்ல. நீங்கள் சேரும்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை, நீங்கள் முடிக்கும்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும். அதற்குள் வேலை மாறும், வீடு மாறும், நெறியாளரே ஓய்வு பெற்றுப் போகலாம். முதுகலையில் எழுதிய 30,000 சொல் வீணாவதும் இல்லை. நல்ல பிஎச்.டி.கள் பல அப்படி ஒரு சிறிய ஆய்வேட்டிலிருந்து கிளைத்தவையே. பிஎச்.டி.க்கு நேராகப் போகவேண்டியவர், கேள்வியும் கையில் இருந்து, அதற்கான ஆவணக் கட்டு எந்த ஊரில் எந்த எண்ணில் இருக்கிறது என்பதும் தெரிந்தவர். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து அதில் இறங்கவேண்டாம். பிரிட்டனில் வரலாற்றுத் துறைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கும் காலம் இது.

பாடவழி எம்.ஏ.யைச் சிலர் மட்டமாக நினைக்கிறார்கள். ஆய்வு செய்யத் தெரியாதவருக்கு அது என்று ஓர் எண்ணம். பொறியியலோ கணக்கியலோ படித்துவிட்டு டியூடர் பக்கம் வருகிறவருக்கு அதுவே சரியான வாசல் என்பேன். காரணம், இந்தத் துறையில் சான்றுகளுக்கு நிகராகச் சண்டைகளும் முக்கியம். ஜெஃப்ரி எல்டன் 1953இல் ‘டியூடர் ரெவல்யூஷன் இன் கவர்ன்மென்ட்’ நூலில், 1530களில் க்ராம்வெல் அரசாங்கத்தை அரண்மனை வீட்டு நிர்வாகத்திலிருந்து பிரித்து, அலுவலகங்களால் நடக்கும் ஓர் அமைப்பாக்கினார் என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் பல பத்தாண்டுகள் அந்த வாதத்தை உடைப்பதிலேயே கழித்தார்கள். மதச்சீர்திருத்தத்திலும் இதே கதை. ஏ.ஜி. டிக்கன்ஸ் 1964இல் எழுதியபோது, பழைய திருச்சபை மக்களிடம் பிடிப்பை இழந்திருந்தது, புதிய மதம் கீழிருந்தும் பரவியது என்ற சித்திரம் இருந்தது. ஈமன் டஃபி 1992இல் ‘ஸ்டிரிப்பிங் ஆஃப் தி ஆல்ட்டர்ஸ்’ நூலில் அதைத் தலைகீழாக்கினார்: பழைய மதம் ஊர்களில் உயிரோடு இருந்தது, அரசு அதை மேலிருந்து பிடுங்கியது என்றார். 2003இல் ஈதன் ஷேகன் வேறொரு பக்கத்தைக் காட்டினார். நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அரசு கலைத்த மடங்களின் நிலமும் கல்லும் ஈயமும் கிடைக்கும்போது மக்கள் அரசோடு கைகோத்தார்கள் என்பது அவர் வாதம். இந்தச் சண்டையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஆய்வுவழிப் பட்டத்தில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். முதல் சந்திப்பிலேயே நெறியாளர் அதைக் கேட்பார். பதில் இல்லாதவர் ஒரு வருடத்தை அதற்கே செலவழிப்பார்.

இரவு மட்டும் கையில் இருப்பவர்

இவருக்கு ஏற்றவை அரசவை அரசியலும் அச்சு நூல்களும். வழக்கமாகத் தரப்படும் அறிவுரை இதற்கு நேர்மாறானது: “ஹென்றி, அவர் மனைவி ஆன் போலின் எல்லாம் உழுது தீர்ந்த நிலம், அந்தப் பக்கம் போகாதே.” தீர்ந்த நிலம்தான். ஆனால் இரவு பத்து மணிக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உழக்கூடிய நிலமும் அதுவே.

காரணம் ஒரு பெரிய விக்டோரியப் பணி. எட்டாம் ஹென்றி காலத்து அரசு ஆவணங்களையும் கடிதங்களையும் தேதி வரிசையில் சுருக்கித் தரும் ‘லெட்டர்ஸ் அண்ட் பேப்பர்ஸ்’ தொகுதிகள் 1862இல் தொடங்கி 1932 வரை வெளிவந்தன. ஜே.எஸ். பிரூவர் தொடங்கிவைத்தார், ஜேம்ஸ் கெய்ர்ட்னரும் ஆர்.எச். பிராடியும் முடித்தார்கள். இன்று அவை ‘பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்’ தளத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவை சுருக்கம் மட்டுமே. கடிதத்தின் குழைவும் கோபமும் சுருக்குபவர் கையில் கரைந்துபோயிருக்கும், சில சமயம் தேதியே தவறாக ஊகிக்கப்பட்டிருக்கும். சுருக்கத்தை மட்டும் நம்பி எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர் எளிதில் மடக்கிவிடுவார். மூலக் கையெழுத்தின் படத்தை அந்தச் சுருக்கத்தோடு இணைத்துத் தருவது ‘ஸ்டேட் பேப்பர்ஸ் ஆன்லைன்’ என்ற கட்டணத் தளம். தனிமனிதர் வாங்கும் விலையில் அது இல்லை, பல்கலைக்கழகம்தான் சந்தா கட்டவேண்டும். ஆகவே இரவு ஆய்வாளர் ஒரு பல்கலைக்கழகத்திடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி தரவரிசையைப் பற்றியதல்ல. “இந்தத் தளத்துக்கும் அக்கால அச்சு நூல்களைத் தரும் ‘ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைனு’க்கும் உங்களிடம் சந்தா இருக்கிறதா, பகுதிநேர மாணவர் வீட்டிலிருந்தே திறக்க முடியுமா” என்பதுதான்.

முழுமையாக அச்சேறிய கடிதத் தொகுப்புகளும் உண்டு. லைல் பிரபு ஹென்றியின் சார்பில் காலே நகரை ஆண்டவர். 1540இல் அவரைக் கைதுசெய்தபோது வீட்டுக் காகிதங்கள் அத்தனையையும் அரசு அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பறிமுதலால்தான் ஒரு குடும்பத்தின் கடிதங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. மியூரியல் செயின்ட் கிளேர் பர்ன் அவற்றை 1981இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். துணிக்கணக்கு, வழக்கு, வதந்தி எல்லாம் அதில் உண்டு. 1537இல் கர்ப்பிணியாக இருந்த ராணி ஜேன் சீமோருக்குக் காடைக்கறி மீது ஆசை என்று தெரிந்து, லைல் குடும்பம் காலேயிலிருந்து காடை அனுப்பிக்கொண்டே இருந்தது. லைலின் மனைவி ஹானருக்கு முதல் கணவர் வழிப் பெண்கள் இருந்தார்கள், அவர்களில் ஆன் பாசெட்டுக்கு ராணியின் பரிவாரத்தில் இடம் கிடைத்தது. அரசவையில் வேலை எப்படி வாங்கினார்கள் என்று 30,000 சொல் எழுத இந்த ஆறு தொகுதிகள் தாராளம்.

அச்சு நூல் பக்கம் இன்னும் வசதி. டியூடர் காலம் உட்பட 1700 வரையிலான ஆங்கில அச்சு நூல்களின் எழுத்துப்பெயர்ப்புகளில் 25,000 நூல்களின் முதல் தொகுதி 2015 முதல் எல்லோருக்கும் இலவசம். ஜான் ஃபாக்ஸ் எழுதிய மறைச்சாட்சிகளின் பெருநூலுக்கு 1563, 1570, 1576, 1583 என்று அவர் உயிரோடிருந்தபோதே நான்கு பதிப்புகள் வந்தன. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் நான்கையும் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பெண்ணின் விசாரணைக் கதை முதல் பதிப்பிலிருந்து நான்காவதற்குள் எப்படி மாறியது என்று பார்ப்பது இரவு வேலைக்கென்றே பிறந்த தலைப்பு.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒன்றும் இங்கே இருக்கிறது. ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வணிகர் 1583இல் கப்பலேறி, ஹோர்முஸ், கோவா, வட இந்தியா, பர்மா என்று சுற்றி, திரும்பும் வழியில் கொழும்பையும் கொச்சியையும் தொட்டு, 1591இல் ஊர் சேர்ந்தார். அவர் எழுதியதை ரிச்சர்ட் ஹாக்லூட் தம் பயணத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். 1600 டிசம்பர் 31இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் சாசனம் கொடுத்தபோது, கிழக்கை நேரில் பார்த்த ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனால் ஃபிட்ச் எழுதியதில் ஒரு பகுதி சீசரே ஃபெடரிச்சி என்ற வெனிஸ்காரரின் பயணநூலிலிருந்து எடுத்தது. அந்த நூலைத் தாமஸ் ஹிக்காக் 1588இலேயே ஆங்கிலத்தில் கொண்டுவந்திருந்தார். ஃபிட்ச் தம் கண்ணால் கண்டது எது, பிறர் நூலிலிருந்து வாங்கியது எது, கொச்சியையும் இலங்கையையும் அறிந்த வாசகர் அந்தப் பக்கங்களில் எதைக் கண்டுபிடிப்பார்? எல்லாமே அச்சில் இருக்கிற, காப்பகத்துக்குக் காலடி வைக்கத் தேவையில்லாத ஆய்வு இது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ செய்யலாம்.

வாரத்தில் ஒரு பகல்

நான்கு நாள் வேலை, ஒரு நாள் விடுப்பு என்று ஏற்பாடு செய்துகொண்டவர் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். இங்கிலாந்தின் கவுண்டி காப்பகங்களில் பலவும் சனி, ஞாயிறு மூடியிருக்கும், திங்களும் திறப்பதில்லை. ஆகவே விடுப்பு நாளை வெள்ளிக்கிழமையாகவோ புதன்கிழமையாகவோ கேட்டு வாங்குங்கள்.

அங்கே கிடைப்பவை உயில்கள், திருச்சபை நீதிமன்றச் சாட்சியங்கள், கோயில் கணக்குகள், ஊர்ப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கும் பதியவேண்டும் என்று க்ராம்வெல் 1538இல் ஆணையிட்டார். அதனால் டியூடர் காலத்தின் பின்பாதியில் குடியானவர்களுக்கும் பெயர் கிடைக்கிறது.

ஒற்றை ஊரை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு டஃபியின் ‘வாய்சஸ் ஆஃப் மோர்பாத்’ சாட்சி. டெவன் கவுண்டியில் எக்ஸ்மூர் ஓரத்தில் முப்பது சொச்சம் குடும்பங்கள் கொண்ட ஊர் மோர்பாத். 1520 முதல் 1574 வரை கிறிஸ்டோபர் டிரிக்கி என்ற ஒரே பாதிரியார் அங்கே இருந்தார். ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சிகளிலும் மதம் மாறி மாறி வந்தது, பதவியில் அவர் மட்டும் மாறாமல் இருந்தார். கோயில் ஆடுகளின் கம்பளி விற்ற காசு, மெழுகுவர்த்திச் செலவு, புதிய அங்கிக்கு ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் எல்லாவற்றையும் சபை முன் உரக்கப் படிப்பதற்காக எழுதிவைத்தார். 1549இல் புதிய ஆங்கில ஜெபப் புத்தகத்தை எதிர்த்து மேற்கு நாட்டார் கலகம் செய்தபோது, எக்ஸிட்டருக்கு வெளியே இருந்த கலகக்காரர் முகாமுக்கு இந்தச் சிற்றூர் ஐந்து இளைஞர்களைச் செலவு கொடுத்து அனுப்பியது. சாதுவான கணக்கு வரி ஒன்றுக்குள் ராஜத்துரோகம் ஒளிந்திருந்தது.

மோர்பாத்தைப் படித்துவிட்டு, தாம் குடியிருக்கும் ஊரின் கோயிலையே ஆராய்வது என்று முடிவுசெய்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் சான்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பங்குகளில் டியூடர் காலத்துக் கோயில் கணக்கு எஞ்சியிருப்பது சில நூறு இடங்களில்தான். உங்கள் ஊரில் இல்லை என்றால் சுற்றுவட்டாரத்தின் உயில்களுக்குப் போங்கள், அவை ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. இந்த வழியில் போகிறவருக்கு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் உள்ளூர் வரலாற்று மரபு தெரிந்திருப்பது நல்லது. 1948இல் டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ் அங்கே தொடங்கிய துறையிலிருந்துதான் இந்த வகை ஆய்வு கிளைவிட்டது. ஆக்ஸ்போர்டின் தொடர்கல்வித் துறையும் இதே பாடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கென்று பகுதிநேரப் படிப்புகளை நடத்திவந்திருக்கிறது.

ஆண்டுக்கு மூன்று வாரம்

மூன்று வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வெளிநாட்டில் இருப்பவருக்கும் ஒத்துவரும். தென்மேற்கு லண்டனில் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் சொந்தக் கேமராவால் ஆவணங்களைக் கட்டணமில்லாமல் படமெடுக்கலாம். சனிக்கிழமையும் திறந்திருக்கும். விடுமுறையில் போய்ப் படமெடுத்து வந்து, மீதி ஆண்டு முழுக்க இரவுகளில் வாசிக்கலாம்.

அங்கே சாமானியரின் குரலைத் தேடுகிறவர் வழக்கு ஆவணங்களுக்குப் போகவேண்டும். பொதுச்சட்ட நீதிமன்றங்களின் சுருள்கள் லத்தீனில் இருக்கும், அதிலும் சொற்களைச் சுருக்கி எழுதிய லத்தீன். ஸ்டார் சேம்பர், சான்சரி, ஏழைகளின் நீதிமன்றம் என்று பெயர் வாங்கிய கோர்ட் ஆஃப் ரிக்வெஸ்ட்ஸ் ஆகிய நீதிமன்றங்களில் மனுவும் பதிலும் சாட்சியமும் ஆங்கிலத்திலேயே இருக்கும். லத்தீன் தெரியாதவர் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் கொள்ளவேண்டும். வேலி பிடுங்கியது, ஆடு திருடியது, விதவையின் நிலத்தை மைத்துனன் வளைத்துக்கொண்டது என்று படிக்கப் படிக்க நம்மூர்த் தாலுகா கோர்ட் நினைவுக்கு வரும். ஒரு குறை: டியூடர் காலத்து ஸ்டார் சேம்பர் தீர்ப்புப் புத்தகங்கள் தொலைந்துபோய்விட்டன. வாதி என்ன சொன்னான், பிரதிவாதி என்ன மறுத்தான் என்று தெரியும், யார் ஜெயித்தான் என்பது பெரும்பாலும் தெரியாது. ஆகவே ‘நீதி கிடைத்ததா’ என்ற கேள்வியோடு போகாதீர்கள். ‘எப்படி வாதாடினார்கள்’ என்ற கேள்வியோடு போங்கள்.

லத்தீன் கற்கத் துணிந்தவருக்கு கியூ வரை போகாமலே ஒரு புதையல் இருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பாமர் முன்னின்று நடத்திய ‘ஆங்கிலோ-அமெரிக்கன் லீகல் டிரடிஷன்’ தளத்தில் பொதுச்சட்டச் சுருள்களின் படங்கள் லட்சக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. தேடுவதற்கு வசதியான அட்டவணை எதிர்பார்க்கவேண்டாம், சுருளைச் சுருளாகத்தான் உருட்டவேண்டும்.

இணையத்தை நம்பும்போது ஒரு முன்னெச்சரிக்கை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில், அதன் எண்மமாக்கிய கையெழுத்துப்படிகள் நீண்டகாலம் பார்வைக்குக் கிடைக்காமல் போயின. அங்குள்ள காட்டன், ஹார்லி, லான்ஸ்டவுன் தொகுப்புகளை நம்பி அந்த ஆண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர்களின் பாடு சொல்லத் தரமன்று. தேவையான படத்தை அன்றன்றே உங்கள் கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தும் தேதியும்

எந்த வழியில் போனாலும் ‘செக்ரட்டரி ஹேண்ட்’ எனப்படும் அந்தக் காலத்து எழுத்தை வாசிக்கப் பழகாமல் முடியாது. அதில் ‘இ’ எழுத்து திரும்பிப் படுத்திருக்கும், ‘எஸ்’ நீண்டு தொங்கும், ‘சி’யைப் பார்த்தால் ‘ஆர்’ மாதிரி இருக்கும். தேசிய ஆவணக் காப்பகம் 1500 முதல் 1800 வரையிலான கையெழுத்துக்கு இலவச இணையப் பயிற்சி வைத்திருக்கிறது. தொடக்க லத்தீனுக்கும் தனிப் பயிற்சி உண்டு. தினமும் அரைமணி நேரம் கொடுத்தால் சில மாதங்களில் கண் பழகிவிடும். இயந்திரத்தால் கையெழுத்தை வாசிக்கும் ‘டிரான்ஸ்கிரிபஸ்’ போன்ற கருவிகள் உதவும்தான். ஆனால் அது தவறாக வாசித்ததைத் தவறு என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

தேதியும் வழுக்கும். அவர்களுக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். எலிசபெத் இறந்தது நம் கணக்கில் 1603 மார்ச் 24. அவர்கள் கணக்கில் அது 1602ஆம் ஆண்டின் கடைசி நாள். ஆவணங்களில் ‘ஹென்றியின் 28ஆம் ஆட்சியாண்டு’ என்றுதான் இருக்கும், அது 1536 ஏப்ரல் 22இல் தொடங்கி மறு ஏப்ரல் 21இல் முடியும். ஆன் போலின் தலை போனதும் வடக்கே பெருங்கலகம் மூண்டதும் அந்த ஓர் ஆட்சியாண்டுக்குள்தான். கணக்குப் பிசகினால் விளைவைக் காரணத்துக்கு முன்னால் எழுதிவிடுவோம்.

பக்கத்துப் பல்கலைக்கழகமா, தொலைவிலிருந்தா

லண்டனில் இருப்பவருக்கு பர்க்பெக் இருக்கிறது. பகலில் வேலை பார்ப்பவர்களுக்காகவே 1823இல் தோன்றிய கல்லூரி, வகுப்புகளை மாலையில் நடத்துவதற்குப் பேர்போனது. ஊர் பேதமில்லாமல் பகுதிநேர ஆய்வுக்குப் பழகிய இடம் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேறு பல பல்கலைக்கழகங்களும் தொலைநிலையில் ஆய்வு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆண்டுக்கு எத்தனை நாள் நேரில் வரவேண்டும் என்பது மட்டும் இடத்துக்கிடம் மாறும்.

என்னைக் கேட்டால், தூரத்தைவிட நெறியாளர் முக்கியம். உங்கள் வகைச் சான்றை அவர் கையால் தொட்டவராக இருக்கவேண்டும். அரசவை அரசியலில் பேரெடுத்தவர் கோயில் கணக்குக்கு நல்ல வழிகாட்டியாக இருப்பார் என்று சொல்வதற்கில்லை. பகுதிநேரத்தில் ஆண்டுகள் நீள்வதால் இரண்டாம் நெறியாளர் யார் என்பதையும் கேளுங்கள். சந்திப்பு மாலை ஐந்துக்கு மேல் நடக்குமா, காப்பகப் பயணத்துக்கு உதவித்தொகை பகுதிநேரக்காரருக்கும் உண்டா, நோயோ வேலை நெருக்கடியோ வந்தால் பதிவைச் சில மாதம் நிறுத்திவைக்க முடியுமா என்பவை கூச்சப்படாமல் கேட்கவேண்டியவை. பிரிட்டனுக்குள் இருப்பவர் ‘ஸ்கோனல்’ திட்டம் வழியாகப் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தையும் பயன்படுத்தலாம், ஆகவே பதிவு எங்கோ இருந்தாலும் புத்தகம் அருகில் கிடைக்கும்.

தொலைவிலிருந்து படிப்பவரை வதைப்பது தனிமை. அதற்கு மருந்து லண்டன் செனட் ஹவுஸில் இருக்கிற வரலாற்றாய்வு நிறுவனம். டியூடர் வரலாற்றாசிரியர் ஏ.எஃப். பொல்லார்டு 1921இல் அதை நிறுவினார். அங்கே நடக்கும் கருத்தரங்குகள் இன்று பெரும்பாலும் இணையத்திலும் நடக்கின்றன, எந்தப் பல்கலைக்கழக மாணவரும் சேரலாம். கட்டணமில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டன்வாசிகளுக்கு ஆய்வுப் பட்டத்தின் முழுநேரக் கட்டணம், அரசு ஆய்வு மன்றங்கள் அறிவிக்கும் தொகையை ஒட்டியே பல இடங்களில் இருக்கும். 2024-25இல் அது 4,786 பவுன். பகுதிநேரத்துக்கு ஏறத்தாழப் பாதி. வெளிநாட்டவருக்கு இது பல மடங்கு. இங்கிலாந்தில் வசிப்பவருக்கு அரசு முதுகலைக் கடனும் முனைவர் கடனும் உண்டு, இரண்டுக்கும் வயது வரம்பு 60க்குள். நம்மவர் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஏற்கெனவே முதுகலைப் பட்டம் இருந்தால், அதை எந்த நாட்டில் எந்தப் பாடத்தில் வாங்கியிருந்தாலும், முதுகலைக் கடன் கிடையாது. கோவையில் வாங்கிய எம்.எஸ்சி.யும் கணக்கில் வரும். முனைவர் கடனுக்கு அந்தத் தடை இல்லை, முனைவர் பட்டம் இல்லாதிருந்தால் போதும்.

பிரிட்டிஷ் மாணவர் விசாவில் பகுதிநேரமாகப் படிக்க முதுகலை மட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அப்படி வருபவர் வேலை செய்ய முடியாது, குடும்பத்தை அழைத்துவரவும் முடியாது. ஆகவே பகுதிநேர மாணவர் விசா என்பது நடைமுறையில் பணக்காரருக்கே. இந்தியாவிலிருந்து செய்ய விரும்புகிறவர் தொலைநிலைப் பதிவையும் கியூவுக்கு ஆண்டுக்கொரு பயணத்தையும் யோசிக்கலாம். அந்தப் பட்டத்தை வைத்து இந்தியக் கல்லூரியில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் மட்டும் நிதானம் தேவை. யு.ஜி.சி.யின் 2022 விதிகள் பகுதிநேரப் பிஎச்.டி.யை அனுமதிக்கின்றன, தொலைநிலைப் பிஎச்.டி.யை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தகுதி கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்தவர் நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் டியூடர் காலத்தின் மீது சிறுவயதிலிருந்தே தமக்குள்ள காதலைப் பற்றி எழுதவேண்டாம், அவருக்கு அப்படி நிறைய வரும். ஒரு கேள்வி, அதற்கான ஆவணத்தின் பெயரும் எண்ணும், அது இருக்கும் இடம், அதில் ஒரு பக்கத்தை நீங்களே வாசித்து எழுதிய எழுத்துப்பெயர்ப்பு, வாரத்தில் உங்களுக்கு எந்தெந்த நேரம் கிடைக்கும் என்ற விவரம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். வாசிக்க முடியாத சொற்களை ஊகித்து நிரப்பாமல், சதுர அடைப்புக்குறிக்குள் புள்ளி வைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.